மெக்சிகோ வரைக்கும் போய்க் கை நனைக்காத மனிதர்: புவேப்லா, சோலூலா, அத்லிஷ்கோ

என் தையல் கடைக்கு வருகிறவர்கள் மூன்று மாதமாக ஜாக்கெட் அளவு கொடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "மெக்சிகோ போனியாமே, எவ்ளோ ஆச்சு?" ஒவ்வொருத்தருக்கும் நின்று பதில் சொன்னால் நான் எப்போது தைப்பது? அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். இதற்கு முன் இந்தப் பக்கத்தில் காசி, ராமேஸ்வரம், கோவா என்று எழுதியபோது "பஸ் நம்பர் போடலியே அக்கா" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இந்த முறை நேரம், தூரம், செலவு எல்லாம் போட்டிருக்கிறேன். நடுவில் எங்கள் குடும்ப விஷயமும் வரும். அதைத் தள்ளிவிட்டு இந்தப் பயணத்தை எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில், தீபாவளித் துணியெல்லாம் தைத்துக் கொடுத்த மூன்றாம் நாள் கிளம்பினோம். நானும் என் கணவரும். அவருக்கு உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர். சம்பா நட்டு முதல் களை எடுத்திருந்த சமயம். வயலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, விமானம் ஏறும் வரைக்கும் தண்ணீர் பாய்ச்சுவது பற்றிப் போனில் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

போன காரணம் எங்கள் பையன் தினேஷ். வயது இருபத்தெட்டு. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் மெக்சிகோவில் புவேப்லா என்ற ஊரில் இருக்கும் கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். போன ஆடியில் ஒரு நாள் வீடியோ காலில் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "அம்மா, இது மரிசோல். கூட வேலை செய்யுது. நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றான். என் கணவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவர்தான், ஒன்றரை மாதம் பிள்ளையோடு பேசவில்லை. பிறகு அவன் டிக்கெட் போடுகிறேன் என்றதும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"ஊரப் பாக்கறதுன்னா வரேன். பொண்ணு பாக்கறதுன்னு எவனாவது பேச்செடுத்தா ஏர்போட்லயே திரும்பிடுவேன்."

விசாவுக்குத் தில்லியிலுள்ள தூதரகத்துக்கு நேரில் போனோம். பிள்ளையின் அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், நிலப் பட்டா எல்லாம் எடுத்துப் போனோம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் தனி விசா வேண்டாம் என்கிறார்கள். நீங்களே தூதரகத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டிக்கெட் ஒருவருக்குப் போக வர ஒரு லட்சத்து இருபத்தோராயிரம். இரண்டு இடத்தில் விமானம் மாறி, மீனம்பாக்கத்தில் ஏறியதிலிருந்து மெக்சிகோ நகரத்தில் இறங்கும் வரை முப்பத்து மூன்று மணி நேரம். இடையில் மாறுகிற நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்று பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

மெக்சிகோ நகர விமான நிலையத்துக்கு உள்ளேயே புவேப்லாவுக்குப் பஸ் நிற்கிறது. ஆளுக்கு 380 பெசோ. நாங்கள் போனபோது ஒரு பெசோ சுமார் நாலே முக்கால் ரூபாய். ஏறக்குறைய 130 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். பஸ்ஸில் ஏசி, கழிப்பறை எல்லாம் உண்டு. உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு நின்றுகொண்டே போகிற எனக்கு அந்த இருக்கையைவிட்டு எழுந்திருக்க மனசே வரவில்லை. புவேப்லா கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

மறுநாளைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தினேஷ் தயங்கித் தயங்கி, "மரிசோல் வூட்ல மதியம் சாப்பாட்டுக்குக் கூப்ட்டுக்கிறாங்கப்பா. சும்மா சாப்பாடுதான்" என்றான். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் கிளம்பினார். ஆனால் வழியில் பழக்கடையில் நிறுத்தச் சொன்ன என்னை அதட்டினார். "பழம் வாங்கிக்கினு போனா பொண்ணு கேக்கப் போன மாதிரி ஆயிடும். வெறுங்கையோட வா." என் பிறந்த வீட்டில்கூட நான் வெறுங்கையோடு நுழைந்ததில்லை.

புவேப்லாவிலிருந்து அத்லிஷ்கோ முப்பது கிலோமீட்டர். காரில் நாற்பது நிமிஷம். அங்கிருந்து இன்னும் பத்துக் கிலோமீட்டரில் மரிசோலின் கிராமம். வலது பக்கம் பூராவும் ஒரு எரிமலை கூடவே வருகிறது. போபோகாதெபெத்ல் என்பது அதன் பெயர். எனக்கு நாலு நாள் ஆயிற்று அதைச் சொல்ல. உச்சியில் புகை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்து ஜனங்கள் அதைத் 'தோன் கோயோ' என்கிறார்கள். 'தோன்' என்றால் நம்ம ஐயா மாதிரி மரியாதைச் சொல். மலையையே ஒரு பெரிய மனுஷனாக வைத்து, "இன்னிக்கு தோன் கோயோ கோவமா இருக்காரு" என்று பேசிக்கொள்வார்களாம். எனக்கு அந்த ஜனங்களை அப்போதே பிடித்துவிட்டது.

மரிசோலின் அம்மா கார்மென். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அப்பா ரமோன், பூ விவசாயி. வாசலில் மக்காச்சோளக் கதிர் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மேசையில் 'மோலே' என்கிற குழம்பு. நாலைந்து வகை வற்றல் மிளகாய், எள், வேர்க்கடலை, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் வறுத்து, நம்ம அம்மி மாதிரியே, ஆனால் கால் வைத்த ஒரு கல்லில் இரண்டு நாள் அரைத்திருக்கிறாள். எங்களுக்காக ஒரு வான்கோழி அடித்திருக்கிறாள். அந்த வாசனைக்கு என் வயிறு கூப்பாடு போட்டது.

என் கணவர் கைகூப்பினார். "வேணாம்மா. இருக்கட்டும்."

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிந்து சம்மதம் ஆகிறவரை மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். என் கணவர் அதில் ஒரு படி மேலே. பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. தினேஷ் கெஞ்சினான். "அப்பா, இது அந்த மாதிரி இல்லப்பா, சும்மா சாப்புடுங்க." அவர் அசையவில்லை. நானாவது சாப்பிட்டிருக்கலாம். அவர் சாப்பிடாமல் நான் மட்டும் எப்படி என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

நாங்கள் சாப்பிடாததால் அந்த வீட்டில் யாருமே சாப்பிடவில்லை. ரமோன் கையிலிருந்த ரொட்டியை, 'தோர்த்தியா' என்கிற சோள ரொட்டியை, மடித்துத் திரும்பக் கூடையில் வைத்தார். கார்மென் குழம்புச் சட்டியை மூடினாள். மரிசோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக முப்பத்தைந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

பாதித் தூரம் வந்ததும் தினேஷ் காரை ஓரமாக நிறுத்தினான்.

"கெளம்பறப்ப மரிசோல் அம்மா இன்னா கேட்டாங்க தெரியுமாப்பா? 'எங்க கையால சமைச்சது உங்க அப்பாவுக்கு ஆவாதா? எங்களப் பாத்தா அசிங்கமா கீதா?'ன்னு கேட்டாங்க. நான் இன்னா சொல்றது?"

"நம்ம வழக்கத்தச் சொல்ல வேண்டிதானே?"

"சொன்னேன். 'அப்ப எங்க பொண்ணு வேணாம்னுதான இன்னும் நெனைக்கிறாரு'ன்னு கேட்டாங்க."

 எனக்கு உள்ளே வேறொன்று குடைந்தது. எங்கள் ஊரில் யார் வீட்டில் கை நனைப்பது, யார் வீட்டில் நனைக்காமல் வாசலோடு திரும்புவது என்று இன்னொரு வழக்கமும் இருக்கிறது. அதற்குக் கல்யாணப் பேச்சு காரணமில்லை. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கார்மென் முகத்தில் நான் பார்த்தது அப்படி வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் முகம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குப் புவேப்லா வந்து சேர்கிற வரை அவரைத் திட்டித் தீர்த்தேன். "அவ்ளோ தூரம் பறந்து வந்து ஒரு பொம்பளைய அழ வெச்சிட்டு வந்துகீறீங்க, நல்லா கீதா?" என்றேன். 

அடுத்த ஐந்து நாள் தினேஷ் வேலைக்குப் போய்விட, நாங்கள் இரண்டு பேரும் உர்ரென்று ஊர் சுற்றினோம். சண்டை போட்டுக்கொண்டு சுற்றிப் பார்க்கப் புவேப்லா நல்ல ஊர். சுவரெல்லாம் பூப்போட்ட பீங்கான் ஓடு. கடைவீதியில் கையால் பூவேலை செய்த சட்டைகள். தையல்காரி கண்ணால் சொல்கிறேன், உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் முடிச்சு தெரியாது. 450 பெசோவுக்கு ஒன்று வாங்கினேன், பேரமே பேசவில்லை. பேச மனசு வரவில்லை. ஊர் நடுவில் இருக்கிற பெரிய மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இன்னொரு பழைய கோயிலில், நானூறு வருஷத்துக்கு முன் நம் நாட்டிலிருந்து கடத்திக் கப்பலில் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணை அடக்கம் செய்திருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த ஊர் ஜனங்கள் அவளைப் புண்ணியவதியாக நினைத்தார்களாம். உள்ளே போகக் கட்டணமில்லை. எனக்கு அங்கே நிற்கும்போது அழுகை வந்துவிட்டது. எந்த ஊர்ப் பெண்ணோ, இங்கே வந்து யார் வீட்டில் என்ன சாப்பிட்டாளோ.

சோலூலாவுக்குப் புவேப்லாவிலிருந்து டவுன் பஸ்ஸில் போனோம். ஆளுக்குப் பத்துப் பெசோ, முக்கால் மணி நேரம். பார்க்கிறதுக்கு ஒரு குன்று. மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு மாதா கோயில். குன்று என்று நினைப்பது குன்றே இல்லை, மண்ணும் புல்லும் மூடிப்போன பிரமாண்டமான பிரமிடு. உலகத்திலேயே பருமனில் இதுதான் பெரிது என்கிறார்கள். ஸ்பெயின்காரர்கள் வந்து அதன் தலையிலேயே கோயில் கட்டிவிட்டார்கள். ஏற இருபது நிமிஷம். காலை ஒன்பதுக்கு முன் போனால் எரிமலை மேகமில்லாமல் தெரியும். என் கணவர் அரை வழியில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம ஊர் கோயில் சுவுத்துல கல்வெட்டு கீது. எங்கெங்கிருந்தோ வந்து பாக்கறான். நாம அதுக்கு எதுர்ல பஸ்ஸுக்கு நின்னுக்கினு ஒரு நாள் திரும்பிப் பாத்ததில்ல" என்றார். ஐந்து நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வெள்ளிக்கிழமை பூ வயல் பார்க்க அத்லிஷ்கோ போனோம். புவேப்லாவிலிருந்து வேன் 45 பெசோ, அங்கிருந்து டாக்சி 120 பெசோ. அக்டோபர் கடைசியில் போகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆரஞ்சு நிறம். நம்ம செண்டுமல்லிதான். நவம்பர் முதல் இரண்டு நாள் இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்காகவே இந்தப் பூவைப் பயிரிடுகிறார்கள். டாக்சிக்காரர் போனை வாயருகே பிடித்துப் பேச, போன் அதை இங்கிலீஷில் சொல்ல, எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. வாசலிலிருந்து வீட்டுக்குள் இந்தப் பூவிதழைப் பாதை மாதிரி தூவுவார்களாம். வாசனை பிடித்து வழி தவறாமல் வருவார்களாம்.

என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார். கறுப்பு மண்ணை அள்ளி நசுக்கிப் பார்த்தார். அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. சாயங்காலம் தினேஷிடம், "இது நம்மூரு பூவாச்சே, இங்க எப்டிடா வந்துது?" என்று கேட்டார்.

"இங்கேர்ந்துதாம்ப்பா நம்மூருக்கு வந்துது. மொளகா, தக்காளி, கொய்யா, சப்போட்டா எல்லாமே இங்கேர்ந்து வந்ததுதான்."

"மொளகாயுமா?"

"மொளகாயும்தான்."

நான் விடுவேனா? "அப்ப நீங்க பொறந்ததுலேர்ந்து இவங்க வூட்ல கை நனைச்சிக்கினுதான் கீறீங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் மரிசோல் தனியாக வந்தாள். தினேஷைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் கணவரிடம் நேராகப் பேசினாள். நாளைக்குக் காலை வீட்டுக்கு வரவேண்டும், அம்மா கூப்பிடச் சொன்னாள், சாப்பிடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும். அவ்வளவுதான். சொல்லி முடித்தும் உட்காராமல் அவர் எதிரிலேயே நின்றாள். என் கணவர், "வரோம்னு சொல்லு" என்றார்.

நவம்பர் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தெருவிலிருந்து வீட்டுக்குள் செண்டுமல்லி இதழ்ப் பாதை. மிதிக்காமல் ஓரமாக நடந்தோம். உள்ளே சுவரோரம் படிப்படியாக மேசை அடுக்கி, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி, கரும்பு, கொய்யா, ரொட்டி, உப்பு, தண்ணீர். மண் சட்டியில் 'கோபால்' என்ற பிசின் புகைந்துகொண்டிருந்தது. சாம்பிராணியேதான். நம்ம வீட்டுப் படையலைப் படிக்கட்டில் ஏற்றிவைத்த மாதிரி இருந்தது. நடுவில் செத்துப்போனவர்கள் படங்கள். கார்மெனின் அப்பா, அம்மா, ரமோனின் அண்ணன்.

இரண்டாவது படியில், நாலாவதாக, என் மாமனார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அதே படம். தோளில் துண்டு, முறைத்த பார்வை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. படத்துக்கு முன்னால் ஒரு குவளையில் ஏதோ கூழ், ஒரு தட்டில் உரித்த சின்ன வெங்காயம், பக்கத்தில் பொடி மீன் கருவாடு. என் மாமனார் காலையில் குடித்தது கேழ்வரகுக் கூழ், கடித்தது வெங்காயமும் நெத்திலிக் கருவாடும். சாகிற அன்றைக்கும் அதைத்தான் கேட்டார்.

என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். "நைனா" என்றார். அவர் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

தினேஷ் சொன்னான். ஒரு மாதத்துக்கு முன்பே கார்மென் அவனிடம், உங்கள் குடும்பத்தில் போனவர்கள் யார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுப் படத்தை வாங்கி வைத்திருக்கிறாள். கேழ்வரகு அங்கே கிடைக்காது, அதனால் 'அதோலே' என்று சொல்கிற சோளக் கூழைச் சர்க்கரை போடாமல் காய்ச்சியிருக்கிறாள். கருவாட்டுக்காகச் சந்தையில் இரண்டு நாள் அலைந்திருக்கிறாள். போன ஞாயிறு நடந்ததற்குப் பிறகு, படத்தை வைக்க மாட்டாள் என்றுதான் அவன் நினைத்திருந்தானாம்.

"ஏன் வெச்சாங்கன்னு கேளு" என்றார் இவர்.

தினேஷ் கேட்டான். கார்மென் அவரைப் பார்க்காமல் மெழுகுவர்த்தியைச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னாள். தினேஷ் தமிழில் சொன்னான்.

"'என் வருத்தம் உங்களோடதான். உங்க அப்பாவ நான் மொதல்லயே கூப்ட்டுட்டேன். அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றவர வாசல்ல நிக்க வெக்க முடியுமா?'ன்னு சொல்றாங்க."

பன்னிரண்டு மணிக்கு ஊர்க் கோயிலில் மணி அடித்தது. இறந்துபோய் வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகிற நேரம் அது. அதன்பிறகு படைத்ததை எடுத்து, அவரவர் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பங்கு கொடுக்கிறார்கள். கார்மென் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். என் மாமனார் தட்டு வந்தது. கூழ்க் குவளையும் வெங்காயமும் கருவாடும் கையில் வைத்துக்கொண்டு என் கணவரைப் பார்த்தாள்.  இவர்தான் சாப்பிட மாட்டாரே என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்து வீட்டு அம்மாளின் பக்கம் தட்டைத் திருப்பினாள்.

எங்கள் வீட்டில் படைத்த இலையை மூத்த பிள்ளைதான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. ஆறு வருஷமாக அந்த இலையில் உட்கார்ந்தவர் இவர்.

"இன்னாடா இது! எங்க நைனாவுக்கு வெச்சத யாருக்குக் குடுக்கறாங்க? இங்க கொண்டாரச் சொல்லு!" என்று கத்தினார். அந்த வீடே திடுக்கிட்டது. பிறகு குரல் இறங்கியது. "மொதல்ல கை கழுவத் தண்ணி கேளு."

மரிசோல்தான் சொம்பு மாதிரி ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அவர் மேசையில் உட்காரவில்லை. படத்துக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டார். கூழை ஒரு மடக்குக் குடித்து, வெங்காயத்தைக் கடித்து, கருவாட்டை வாயில் போட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சொல்ல வெட்கமில்லை, அந்த மனிதர்மேல் இருபத்தொன்பது வருஷத்தில் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தினேஷைப் பார்த்தார். "நைனாவே வந்து இந்த வூட்ல கை நனைச்சிட்டுப் போயிட்டாரு. அதுக்கு மேல நான் இன்னா பேசறது? அன்னிக்கி ஒரு கொழம்பு வெச்சாங்களே, அது கீதா? சம்பந்தியம்மாவ கொஞ்சம் கொண்டாரச் சொல்லு."

தினேஷ் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மரிசோல் அவன் தோளை உலுக்கினாள். ஸ்பானிஷ் பாஷையிலும் சம்பந்திக்கு ஒரு சொல் உண்டாம், 'கொன்சுவேக்ரா'. அவன் அதைச் சொன்னான். கார்மென் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம் சமையலறையில் சட்டி உருளுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு இவர் ஏழு தோர்த்தியா சாப்பிட்டார். நான் எத்தனை என்று எழுத மாட்டேன்.

மிச்சம் ஐந்து நாள் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ரமோனும் இவரும் ஒரு வார்த்தை பாஷை தெரியாமல் நாள் பூரா வயலில் இருந்தார்கள். இவர் மடை திருப்பக் காட்டிக்கொடுத்தாராம், அவர் நாற்றுக் கிள்ளக் காட்டிக்கொடுத்தாராம்.

இனி போகப் போகிறவர்களுக்கு. டிக்கெட், விசா, தில்லி அலைச்சல், அங்கே சாப்பாடு, பஸ், நான் வாங்கிய துணி எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு மூன்று லட்சத்து எண்பதாயிரம் ஆனது. தங்க இடம் பையன் வீடு, அதனால் மிச்சம். சுமாரான அறை புவேப்லாவில் நாளைக்கு எழுநூறு பெசோவிலிருந்து கிடைக்கிறது. ஆனால் நவம்பர் முதல் வாரத்துக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். கையில் சில்லறையாகப் பெசோ வைத்துக்கொள்ளுங்கள், வேன்காரரும் சந்தைக்காரரும் கார்டு வாங்குவதில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். காலையிலும் இரவிலும் குளிர், ஸ்வெட்டர் வேண்டும். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், பீன்ஸ் கறி, சோள ரொட்டி, வெண்ணெய்ப் பழத் துவையல் எங்கும் உண்டு. பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லறையிலும் வீட்டுப் படையலிலும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு கட்டுச் செண்டுமல்லி நாற்பது பெசோதான். தட்டில் வைத்தால் ஒரு வாயாவது சாப்பிடுங்கள். எங்களால் அவர்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு யார் வாயிலும் போகாமல் கிடந்தது. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

வருகிற பங்குனியில் கார்மெனும் ரமோனும் மரிசோலோடு உத்திரமேரூர் வருகிறார்கள், கல்யாணத் தேதி குறிக்க. போன வாரம் வீடியோ காலில் கார்மென் ஒரு சந்தேகம் கேட்டாள். உங்கள் ஊர் வழக்கப்படி நாங்கள் உங்கள் வீட்டில் எப்போது சாப்பிடலாம், பேச்செல்லாம் முடிந்த பிறகா, எத்தனை நாள் ஆகும், கையோடு ஏதாவது கொண்டுவந்துவிடட்டுமா என்று. பாவம், நிஜமாகவே பயந்து போயிருக்கிறாள்.

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"வந்து எறங்கினதும் மொதல்ல சோறுன்னு சொல்லு. பேச்சு இன்னா பேச்சு? அத எங்க நைனா அன்னிக்கே முட்ச்சிட்டாரு."